காலிக் குழியில் உயிர்

மணி ஒன்று பத்து. மூன்று மணிக்குத் தையற்காரியின் கையில் ஊசி குத்தி மருந்தை ஏற்றிவிடுவார்கள். அது அவளைக் காப்பாற்றும் மருந்தா, சும்மா வாட்டி வதைக்கும் மருந்தா என்று கண்டுபிடிக்க மேடத்துக்கும் தந்திக்கும் இருந்ததே ஒரு மணி ஐம்பது நிமிடம். அதிலும் பத்து நிமிடத்தை ஆஸ்பத்திரி லிஃப்ட் தின்றுவிட்டது.

தந்தி என்பது அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறவன், இனியாவது சுருக்கமாகப் பேசட்டும் என்று மேடம் வைத்த பெயர். பத்து வருடத்தில் பெயர் ஒட்டிக்கொண்டது, சுருக்கம் ஒட்டவில்லை. மேடம் அதற்கு நேர் எதிர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும்.

ஆறாவது மாடி, பன்னிரண்டாம் நம்பர் படுக்கை. வயிற்றுப் புற்றுநோய்க்காகப் பாதி இரைப்பையை எடுத்திருந்தார்கள். ஐம்பது வயதுத் தையற்காரி, தலையணையில் சாய்ந்து தன் சட்டையின் பிரிந்த தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி, டயர் கடைக்காரர், கையில் ஒரு மடித்த காகிதத்தோடு நின்றார்.

"நேத்து மத்தியானம் நர்ஸ் மேஜையில யாரோ வெச்சுட்டுப் போயிருக்காங்க மேடம். மேல அக்காவோட படுக்கை நம்பர் மட்டும் எழுதியிருந்துது. இன்னிக்குக் காலையிலதான் எங்க கைக்கே வந்துது."

உள்ளே ஒரு போட்டோ. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் எட்டு வரிசைக் குழிகள், வரிசைக்குப் பன்னிரண்டு. சில வரிசைகள் அடர்ந்த ஊதா, சில வெளுத்த ஊதா, சில வெறும் தண்ணீர். போட்டோவின் பின்பக்கம் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தது. 'மருந்து ஏத்த விடாதீங்க.'

"லேப் ரிப்போர்ட் என்ன சொல்லுது?" என்றார் மேடம்.

"ஆபரேஷன்ல எடுத்த கட்டியை வெச்சு ஆறு மருந்தைச் சோதிச்சுப் பார்த்தாங்களாம். முதல் மருந்து பிரமாதமா வேலை செய்யுது, ஆறாவது சுத்தமா பிரயோஜனமில்லைன்னு எழுதியிருக்கு. முதல் மருந்தைத்தான் மூணு மணிக்கு ஏத்தப் போறாங்க."

தையற்காரி போட்டோவை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். "இந்தத் தட்டுல ஒரு மூலையை மட்டும் ஏன் வெட்டியிருக்காங்க?"

"அழகுக்கா இருக்கும்க்கா," என்றான் தந்தி.

"அழகுக்குன்னா நாலு மூலையையும் வெட்டுவாங்க தம்பி. நான் சட்டைக்குப் பேப்பர் கட்டிங் வெச்சிருப்பேன். அதுல ஒரு மூலையில மட்டும் சின்னதா ஒரு வெட்டு போடுவேன். அவசரத்துல திருப்பி வெச்சுட்டா கழுத்து இடுப்புக்குப் போயிடும்ல, அதுக்காக."

மேடம் போட்டோவைத் திரும்ப வாங்கியபோது அவர் கட்டைவிரல் அந்த வெட்டிய மூலையின் மேல் இருந்தது. தந்தி அதைப் பார்த்துவிட்டான். அந்த விரல் சும்மா எங்கேயும் நிற்காது என்று அவனுக்குத் தெரியும்.

கேன்சர் டாக்டர் நடந்துகொண்டே பேசுகிற ரகம். வழியை மறித்து நின்றதால்தான் நின்றார். "மொட்டைக் கடிதாசியை நம்பி மருந்தை நிறுத்த முடியாது மேடம். காயம் ஆறவே ரெண்டு வாரம் கூடுதலா ஆகிடுச்சு, இனிமே தள்ளிப் போட்டா ஆபத்து. அவங்க உடம்பு ஒரு மருந்தைத் தாங்கும். அது பலிக்கலைன்னா அடுத்ததைத் தாங்கத் தெம்பு இருக்காது. அதனாலதான் லேப்ல சோதிக்கவே சொன்னோம்."

"ரிப்போர்ட்டே தப்பா இருந்தா?"

"ரிப்போர்ட்ல கையெழுத்து இருக்கு. போட்டோவுல யார் கையெழுத்து இருக்கு? எடுத்தவங்களைப் பேச வைங்க, போன்லயாவது. மூணு மணிக்கு முன்னாடி."

லிஃப்டில் மேடம் போட்டோ வந்த உறையை முழுதாகப் பிரித்தார். "இது கவர் இல்ல தந்தி."

காகிதத்தின் நடுவில் ஒரு மடிப்பு. ஒரு பாதியில் 'இடது', மறு பாதியில் 'வலது', ஓரத்தில் 'ஆறரை' என்று அச்சடித்திருந்தது. தந்திக்குப் புரிந்தது. சுத்தம் செய்த ரப்பர் கையுறைகளைச் சுற்றி வருகிற காகிதம்.

"ஆறரை சைஸ்னா ரொம்பச் சின்னக் கை மேடம். எனக்கு எட்டரை. அந்த ஜோடியை என் கட்டைவிரலுக்குத்தான் மாட்டலாம்."

"லேப்ல வேலை செய்யற சின்னக் கை. அவசரத்துல கவர் கிடைக்காம, கைக்குக் கிடைச்சதுல சுத்திக் கொடுத்திருக்கு. வா."

லேப் இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். கண்ணாடிக் கதவுக்குள் ஈ காக்கை இல்லை. எங்கோ ஒரு ஃப்ரிட்ஜ் மட்டும் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"உள்ள போகணும்னா செருப்பை மாத்தணும் சார். தெருச் செருப்பை அலமாரியில விட்டுட்டு, நீலச் செருப்பைப் போட்டுக்குங்க."

சுவரோரமாக நம்பர் போட்ட பத்துக் கட்டங்கள். வேலைக்கு வந்தவர்களின் கட்டத்தில் தெருச் செருப்பு கிடந்தது. வராதவர்களின் கட்டத்தில் நீலச் செருப்பு. தந்தி ஒன்பதாம் கட்டத்தில் கை வைத்தான்.

"அது வேண்டாம் சார், அது எங்க டெக்னீஷியனோடது. அவங்க இன்னிக்கு லீவு. காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டாங்கன்னு டைரக்டர் சொன்னார்."

"சின்னக் கையா அவங்களுக்கு?" என்று மேடம் சாதாரணமாகக் கேட்டார்.

அந்தப் பெண் சிரித்தாள். "ஆமா, எப்படித் தெரியும்? அவங்க ஒருத்தருக்காகவே தனி சைஸ் கையுறை வாங்கறோம்."

தந்தி வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. கையில் எடுத்ததைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டான். ஒன்பதாம் கட்டத்தில் கிடந்தது நீலச் செருப்பு இல்லை. வார் அறுந்து தைத்த, தெருப் புழுதி படிந்த பழுப்புச் செருப்பு.

லீவு போட்டவள் வீட்டுக்கு எதைப் போட்டுக்கொண்டு போனாள்?

அவன் மேடத்தைப் பார்த்தான். மேடம் ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தார். "அதை அங்கயே வெச்சுட்டு வேற எடு," என்றார். குரல் இறங்கியிருந்தது.

டைரக்டர் அறுபதை எட்டிய, மெலிந்த, மரியாதை தெரிந்த மனிதர். தண்ணீர் கொடுத்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கேட்டதற்கெல்லாம் பள்ளிக்கூட வாத்தியார் போல நிதானமாகப் பதில் சொன்னார். மேஜையில் சிவப்பு ஃப்ரேம் போட்ட ஒரு பெண்பிள்ளை மூக்குக்கண்ணாடி இருந்தது. பேசிக்கொண்டே அதை எடுத்துத் துணியால் துடைப்பதும், உறைக்குள் வைப்பதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தார். இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்றுதான் தந்திக்குப் பயம்.

"கட்டியைப் பொடிப்பொடியா நறுக்கி, உயிரோட இருக்கற செல்களைப் பிரிச்சுக் குழிகள்ல போடுவோம். எட்டு வரிசையில நடுவுல உள்ள ஆறுக்கும் ஆறு மருந்து. மூணு நாள் உடம்புச் சூட்டுல வெச்சுட்டு ஒரு சாயம் விடுவோம். செல் உயிரோட இருந்தா ஊதாவாகும். மருந்து கொன்னுட்டா நிறமே வராது."

"மீதி ரெண்டு வரிசை?"

"அது காவல். முதல் வரிசை காலி, அதுல செல்லே போட மாட்டோம். எட்டாவது வரிசையில செல் மட்டும், மருந்து கிடையாது. காலி தெளிவாவும், எட்டாவது ஊதாவாவும் வந்தாத்தான் சோதனை செல்லும்."

"நிறத்தை யார் பார்த்துச் சொல்றது?"

"மனுஷக் கண்ணை நம்பலாமா? மெஷின்." அவர் அடுத்த அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். பட்டனை அழுத்தினால் தட்டை வைக்க ஒரு இழுப்பறை நாக்கை நீட்டியது. அதன் ஒரு மூலையில் பளிச்சென்று ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர். தட்டின் வெட்டிய மூலை அங்கே வர வேண்டுமாம்.

மேடம் குனிந்து பார்த்தார். தந்தியும் குனிந்தான். ஸ்டிக்கருக்கு நேர் எதிர் மூலையில் ஒரு சின்னச் சதுரம். பழைய பசை காய்ந்து, அதில் தூசி அப்பியிருந்தது. எப்போதோ ஒரு ஸ்டிக்கர் அங்கே வருடக்கணக்கில் இருந்திருக்கிறது.

"சார், ஒரு சந்தேகம்," என்றார் மேடம். "காலிக் குழியில உயிர் இருக்குன்னு இந்த மெஷின் எப்பவாவது சொல்லியிருக்கா?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஒரே ஒரு தடவை. நாலு மாசத்துக்கு முன்னாடி, சர்வீஸுக்குப் போய் வந்த அன்னிக்கு. காலி வரிசை ஊதாங்குது, எட்டாவது தெளிவுங்குது. சர்வீஸ்காரன் கம்ப்யூட்டர்ல அந்த ரெண்டு வரிசையோட பேரையும் மாத்திப் போட்டிருந்தான். நானே சரி பண்ணிட்டேன். அதுக்கப்புறம் பிரச்சினையே இல்லை."

"அந்த ரெண்டு பேரை மட்டும் மாத்தினீங்க?"

"அதுதானே தப்பா இருந்துது."

மேடம் நிமிர்ந்து தந்தியிடம், "உனக்குப் பாத்ரூம் போகணும்னு சொன்னியே," என்றார்.

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் எழுந்து போனான்.

நீண்ட நடை. இரண்டு பக்கமும் கதவுகள். திறந்தவற்றில் ஆளில்லை. கடைசியில் தடித்த உலோகக் கதவொன்று, பூட்டுத் தொங்கியது. பழுதாகிக் கைவிட்ட குளிர் அறை என்று காகிதம் ஒட்டியிருந்தது. தந்தி திரும்பப் போனவன் நின்றான். கதவுக்குப் பக்கத்தில், வெளிச் சுவரில், அறைக்கான லைட் ஸ்விட்ச். அது போட்டிருந்தது. அதன் சின்னச் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

கைவிட்ட அறை, பூட்டிய அறை. உள்ளே யாருக்கு வெளிச்சம்?

காதைக் கதவில் வைத்தான். சுவர் அவ்வளவு தடிமன், யாராவது கத்தினாலும் வெளியே வராது. முஷ்டியால் மூன்று முறை தட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கீழே எங்கோ, தரையோரமாக, மூன்று முறை மெல்லத் திரும்பி வந்தது.

அவன் ஓடிவந்தபோது மணி இரண்டு முப்பத்திரண்டு. "மேடம், அந்தக் கடைசி ரூம்ல லைட் எரியுது. உள்ள ஆள் இருக்கு."

டைரக்டர் கோபப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அரை மணி நேரம் உட்காருங்களேன்," என்றார் அதே மரியாதையோடு. "மூணு மணி தாண்டட்டும். அந்தம்மாவுக்கு முதல் மருந்து ஏறட்டும். பொழைச்சுக்குவாங்க. அவங்க பொழைச்சதும் எல்லாருக்கும் தெரியும், என் மெஷின் பொய் சொல்லலைன்னு."

"சாவி," என்றார் மேடம். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசித் தந்தி கேட்டதே இல்லை.

"அவளை இருட்டுல விடலை. தண்ணியும் பிஸ்கட்டும் வெச்சிருக்கேன். நான் கெட்டவன் இல்லைம்மா."

சாவி வரவில்லை. தந்தி காத்திருக்கவும் இல்லை. தோளால் இடித்தால் தோள்தான் போகும் என்று கணக்குப் போட்டு, நடையில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரைக் கழற்றினான். நான்காவது அடியில் பூட்டு வாயைப் பிளந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த வரவேற்புப் பெண்ணிடம் மேடம், "போலீசுக்குப் போன் பண்ணும்மா," என்றார், காபி சொல்கிற தொனியில்.

உள்ளே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, குழாய் போன ஓட்டைக்குப் பக்கத்தில் காற்றுக்காக முகத்தை வைத்துக்கொண்டு டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். காலில் நீலச் செருப்பு. உதடு வெடித்திருந்தது. பிஸ்கட்டைத் தொடவே இல்லை.

"மணி என்ன?" என்றாள் முதல் பேச்சாக. "பன்னிரண்டாம் படுக்கை. ஏத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல. பேசும்மா," என்று தந்தி டாக்டரின் எண்ணை அழுத்திப் போனை அவள் கையில் கொடுத்தான். மணி இரண்டு நாற்பத்தாறு.

அவள் குரல் கரகரத்தது, ஆனால் நடுங்கவில்லை. "டாக்டர், அந்தப் போட்டோ நான் எடுத்தது. தட்டை மெஷின்ல வைக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுக்கறது என் பழக்கம். சர்வீஸ்ல ஸ்டிக்கரை எதிர் மூலையில ஒட்டிட்டாங்க. நாங்க ஸ்டிக்கரைப் பார்த்துத் தட்டைத் தலைகீழா வெச்சுட்டிருக்கோம். காவல் வரிசை ரெண்டோட பேரை மட்டும் சார் மாத்திட்டதால யாருக்கும் தெரியலை. ஒண்ணாவது மருந்துன்னு ரிப்போர்ட்ல இருக்கறது ஆறாவது மருந்தோட பலன். முதல் மருந்துல அவங்க செல் ஒண்ணுகூடச் சாகலை, முழு ஊதா." கேட்டுக்கொண்டாள். "இருக்கு டாக்டர். தட்டைத் தூக்கிப் போடலை, ஃப்ரிட்ஜ்ல ஒளிச்சு வெச்சிருக்கேன். நேரா வெச்சுப் படிச்சு அனுப்பறேன்."

போனில் டாக்டர் யாரிடமோ, "பன்னிரண்டுக்கு நிறுத்துங்க. ஆமா, இப்பவே. ஊசியை எடுத்துடுங்க," என்றார்.

தந்தி அங்கேயே ஒரு பெட்டியில் உட்கார்ந்துவிட்டான்.

டெக்னீஷியன் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். முந்தாநாள் போன் நிறைந்துவிட்டதென்று பழைய போட்டோக்களை அழிக்கப் போனவள், மேஜையில் கிடந்த தையற்காரியின் ரிப்போர்ட்டோடு ஒன்றைத் தற்செயலாக ஒப்பிட்டிருக்கிறாள். நேற்று மத்தியானம் படத்தை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு, திரும்பி வந்து டைரக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டாராம். பழைய பதிவேடு குளிர் அறையில் இருக்கிறது, வா பார்க்கலாம் என்றாராம்.

"பேரு கெட்டுடும்னு பயந்துட்டார்," என்றான் தந்தி. "நாலு மாசமா தலைகீழ் ரிப்போர்ட். லேபுக்கே ரப்பர் ஸ்டாம்பைத் தலைகீழா குத்தணும்."

"அதுக்காக இல்ல சார்." அவள் டைரக்டரின் அறைப் பக்கம் பார்த்தாள். "நாலு மாசத்துல நாப்பத்தோரு தட்டு. மெஷின் சர்வீஸ்ல இருந்து வந்த அன்னிக்கு வெச்ச முதல் தட்டு, சார் வீட்டம்மாவோடது."

தந்திக்குச் சிவப்பு ஃப்ரேம் கண்ணாடி ஞாபகம் வந்தது. அடுத்த ஜோக்கை அவன் தேடக்கூட இல்லை.

டைரக்டர் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். ஓடவில்லை. மேடம் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உங்க வீட்டம்மா எப்ப போனாங்க?"

"ஒரு மாசமாச்சு." அவர் இழுப்பறையைத் திறந்து டெக்னீஷியனின் போனை எடுத்து மேஜையில் வைத்தார். "நேத்து ராத்திரி பூரா இதைக் கையில வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். திறக்கலை. இவ சொல்றது பொய்னா திறக்கத் தேவையில்லை. நிஜம்னா..." போனை டெக்னீஷியன் பக்கம் நகர்த்தினார். "காலிக் குழியில உயிர் இருக்குன்னு மெஷின் சொன்னப்பவே நான் தட்டைத் தூக்கிப் பார்த்திருக்கணும். கம்ப்யூட்டரைத்தான் பார்த்தேன்."

டெக்னீஷியன் போனைத் திறந்து, நான்கு மாதம் பின்னோக்கிப் போய், ஒரு படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவளை ஒரு பகல் ஒரு ராத்திரி அடைத்து வைத்த மனிதர் அவர். இருந்தும் அவள் கை அவர் தோளுக்குப் பக்கத்தில் போய், தொடாமல் திரும்பியது.

குழிகள் பொடியாக இருந்தன. அவர் மனைவியின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வெட்டிய மூலையைத் தேடி அதில் விரலை வைத்தார். அங்கிருந்து ஒவ்வொரு வரிசையாக எண்ணினார். காலி. முதல் மருந்து, ஊதா. இரண்டாவது, ஊதா. மூன்று. நான்கு. ஐந்து கொஞ்சம் வெளுப்பு. ஆறாவது மருந்தில் விரல் நின்றது. பன்னிரண்டு குழியும் தண்ணீராகத் தெளிந்திருந்தன.

"இதை நான் அவளுக்குக் குடுக்கவே இல்லை," என்றார். "ரிப்போர்ட்ல இதுதான் கடைசி."

கீழே தெருவில் போலீஸ் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மேடம் எழுந்து, சுவரோரம் இருந்த பதிவேட்டை எடுத்து, கடந்த நான்கு மாதத்துப் பக்கங்களைப் பிரித்துத் தந்தியின் முன்னால் போட்டார்.

"தையற்காரம்மாவையும் இவர் வீட்டம்மாவையும் கழிச்சா முப்பத்தொன்பது பேர். ஒவ்வொருத்தருக்கா போன் போடு. முதல்ல உயிரோட இருக்கறவங்களுக்கு."

"யார் உயிரோட இருக்காங்கன்னு எப்படி மேடம் தெரியும்?"

"போன் பண்ணாத்தான் தெரியும்."

தந்தி முதல் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. பதிவேட்டில் இருந்த பெயருக்குரிய ஆளே எடுக்க வேண்டும், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று, வாயை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டான்.